மாத்திரை பாதி, மனிதர் பாதி!

கம்பம் பள்ளத்தாக்கில் வீடு தேடி வரும் காசநோய் வைத்தியம்

விடியற்காலை ஐந்து மணி. கம்பம் ஊர் இன்னும் முழுக்கக் கண் விழிக்கவில்லை. டீக்கடைகளில் மட்டும் பாய்லர் கொதிக்கிறது. வீதி ஓரத்தில் வரிசையாக ஜீப்புகள் நிற்கின்றன.

தூக்குவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, பனிக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஏறுகிறார்கள். மூச்சு விட இடம் இல்லாத நெருக்கம். ஜீப்புகள் கிளம்புகின்றன. சில கம்பம்மெட்டு வழியாக மலை ஏறும். சில குமுளி வழியாகப் போகும். போடியில் இருந்து கிளம்புகிறவை போடிமெட்டு வழியாகப் போகும்.

மலைக்கு மேலே கேரளம். இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். பகல் முழுதும் அங்கே காய் பறிக்க வேண்டும். களை எடுக்க வேண்டும். பொழுது சாயும்போது மறுபடி கீழே இறங்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் அடுப்பு காத்திருக்கும், பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

அந்த ஜீப்பில் ஒரு பெண் இருமுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வயது. இரண்டு குழந்தைகளுக்குத் தாய். மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லை. சாயங்காலம் ஆனால் மேலுக்குக் காய்கிறது. ராத்திரியில் வியர்க்கிறது. ரவிக்கை தொளதொள என்று ஆகிவிட்டது.

"நாலு நாளைக்குக் கஷாயம் குடி. சரியாப் போயிரும்" என்கிறாள் மாமியார்.

"சரிங்க அத்தை" என்கிறாள் மருமகள். ஆனால் அவள் மனசுக்குள் வேறு ஒரு பயம். அந்த நோயின் பெயரை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இது ஒரு வீட்டின் கதை அல்ல. பல வீடுகளில் நடக்கிற கதை. அந்த நோயின் பெயர், காசநோய். டி.பி. என்றால் எல்லோருக்கும் தெரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2023-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 28 லட்சம் பேருக்குப் புதிதாகக் காசநோய் வந்தது. உலகத்தில் காசநோய் வருகிற நாலு பேரில் ஒருவர் இந்தியர்.

மருந்து இல்லாத நோயா இது? இல்லை. மருந்து உண்டு. இலவசமாகவே உண்டு. முறையாகச் சாப்பிட்டால் பெரும்பாலோர் ஆறே மாதத்தில் குணம் ஆகிறார்கள். அப்படி இருந்தும் சாவு நின்றபாடில்லை. ஏன்?

அதற்கான விடை தெரிய, கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

மருந்து இல்லாத காலம்

காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று ஜெர்மனி நாட்டு டாக்டர் ராபர்ட் கோக் 1882-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி உலகத்துக்கு அறிவித்தார். அதனால்தான் இன்றும் மார்ச் 24-ந் தேதி உலகக் காசநோய் நாளாக நடக்கிறது.

கிருமி தெரிந்துவிட்டது. ஆனால் அதைக் கொல்லும் மருந்து தெரியவில்லை. நல்ல காற்று, நல்ல வெயில், நல்ல சாப்பாடு, ஓய்வு. இவைதான் அந்தக் காலத்து வைத்தியம்.

இதற்காக ஊருக்கு வெளியே 'சானடோரியம்' என்ற ஆஸ்பத்திரிகளைக் கட்டினார்கள். சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-ம் ஆண்டில் அப்படி ஒன்றைத் தொடங்கினார். மின்சார ரெயிலில் போகிறவர்கள் 'தாம்பரம் சானடோரியம்' என்ற ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பெயர் இந்த ஆஸ்பத்திரியால் வந்ததுதான்.

பெரிய எழுத்தாளர்களையும் இந்த நோய் விடவில்லை. தமிழ்ச் சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன் 1948-ம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் காசநோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 42 தான்.

அவர் இறந்து நாலு ஆண்டு கழித்து, 1952-ம் ஆண்டில், ஐசோனியாசிட் என்ற மாத்திரை வந்தது. விலை குறைவு. விழுங்குவது சுலபம். கிருமியைக் கொல்லும் வேகமோ அதிகம்.

மருந்து வந்துவிட்டது. அடுத்து வந்தது வேறு ஒரு கேள்வி. நோயாளிகளோ பல லட்சம் பேர். காசநோய்ப் படுக்கைகளோ சில ஆயிரம். இத்தனை பேரையும் எங்கே படுக்க வைப்பது?

சென்னையில் நடந்த சோதனை

இந்தக் கேள்விக்கு விடை சொன்ன ஊர் லண்டனும் அல்ல; நியூயார்க்கும் அல்ல. நம்முடைய சென்னை!

1956-ம் ஆண்டில் சென்னையில் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நால்வரும் சேர்ந்து இதை நடத்தினார்கள். இங்கிலாந்தில் இருந்து டாக்டர் வாலஸ் பாக்ஸ் இதற்குத் தலைமை தாங்க வந்தார்.

சோதனை இதுதான். சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். யார் எந்தப் பகுதி என்பதைக் குலுக்கிப் போட்டது போல முடிவு செய்தார்கள். ஒரு பகுதியினரை மதனப்பள்ளி சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கட்டில், ஓய்வு, நல்ல சாப்பாடு, நர்சு எல்லாம் உண்டு. மற்றப் பகுதியினர் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். ஒண்டுக் குடித்தனம். ஒரே அறையில் ஐந்தாறு பேர். அரை வயிற்றுச் சாப்பாடு. இரு பகுதியினருக்கும் மருந்து மட்டும் ஒன்றே. ஒரு வருஷம் சாப்பிட வேண்டும்.

"வீட்டில் இருப்பவன் பிழைப்பானா? அவன் பிள்ளைகுட்டிகளுக்கும் நோய் ஒட்டிக்கொள்ளாதா?" என்று பெரிய பெரிய டாக்டர்களே சந்தேகப்பட்டார்கள்.

1959-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. உலகமே வியந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களில் 100-க்கு 92 பேருக்கு நோய் அடங்கியது. வீட்டில் இருந்தவர்களில் 100-க்கு 86 பேருக்கு அடங்கியது. வித்தியாசம் மிகச் சிறிது!

வீட்டில் இருந்த மனைவி மக்களின் கதி என்ன? அவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தைவிட, வீட்டில் இருந்தே வைத்தியம் செய்துகொண்டவர்களின் குடும்பத்தில் நோய் கூடுதலாக வரவில்லை. காரணம், மருந்து உள்ளே போகத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே நோய் பரப்பும் சக்தி வேகமாகக் குறைந்துவிடுகிறது.

இந்தச் சோதனைக்குப் பிறகு, உலகம் முழுவதும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. வீட்டு வைத்தியம் உலக வழக்கம் ஆயிற்று. அந்தச் சென்னை நிலையம் இன்றும் சேத்துப்பட்டில் இருக்கிறது. தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்பது இப்போது அதன் பெயர்.

மாத்திரை எங்கே போயிற்று?

ஆனால் இந்த வெற்றிக்குள் ஒரு ரகசியம் இருந்தது.

வீட்டில் இருந்த நோயாளிகளிடம் மாத்திரையைக் கொடுத்துவிட்டு டாக்டர்கள் சும்மா இருக்கவில்லை. சுகாதாரப் பார்வையாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார்கள். "மீதி மாத்திரை எத்தனை?" என்று எண்ணிப் பார்த்தார்கள். மாத்திரை உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள்.

சில வீடுகளில் மாத்திரை டப்பாவிலேயே இருந்தது!

நோயாளி பொய்யரா? அல்ல. காரணம் வேறு. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டதும் இருமல் நிற்கும். காய்ச்சல் விடும். பசி எடுக்கும். "குணம் ஆகிவிட்டது" என்று மனசு சொல்லும். வேலைக்குப் போகச் சொல்லி வயிறு சொல்லும். மாத்திரையோ குமட்டும். நிறுத்திவிடுவார்கள்.

கிருமி அப்போது முழுக்கச் சாகவில்லை. பாதி வைத்தியத்தில் பிழைத்த கிருமி, பழைய மருந்துக்குப் பணியாத முரட்டுக் கிருமியாக மறுபடி கிளம்பும். அதை அடக்க வேறு மருந்து வேண்டும்.

ஆகவே மருந்து பாதி. அதை முழுக்கச் சாப்பிட வைக்கும் மனிதர் மறுபாதி. 1956-ல் சென்னை கற்றுக்கொடுத்த பாடம் இது.

வேலையை விட்டு வருவது எப்படி?

பாடம் தெரிந்தும் நாடு அதைப் பின்பற்ற வெகு காலம் பிடித்தது. 1962-ம் ஆண்டில் தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கியது. 1997-ம் ஆண்டில் அதைத் திருத்தி அமைத்தார்கள். ஒருவர் கண் முன்னால் நோயாளி மாத்திரை விழுங்க வேண்டும் என்ற முறை வந்தது. 2006-ம் ஆண்டுக்குள் அது நாடு முழுவதும் பரவியது.

நல்ல முறைதான். ஆனால் நம் கதையில் வரும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஐந்து மணிக்கு ஜீப் ஏறுகிறவள், பத்து மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எப்படி நிற்பாள்? ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போகும். வாரத்தில் மூன்று நாள் நின்றால்? அடுப்பு எப்படி எரியும்?

"வைத்தியம் இலவசம்" என்று போர்டில் எழுதி இருந்தது. ஆனால் அவளுக்கு அது இலவசமாக இல்லை. கூலியைக் கொடுத்து அல்லவா வாங்க வேண்டி இருந்தது!

நோயாளிகள் இதை வாய்விட்டுச் சொன்னார்கள். முணுமுணுத்தார்கள். சிலர் வராமலே நின்றுவிட்டார்கள். அப்போதுதான் முறை மாறத் தொடங்கியது.

இப்போது மாத்திரையை மொத்தமாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு அக்கா, அங்கன்வாடி ஆசிரியை, கிராம சுகாதார நர்சு, குடும்பத்தில் ஒருவர் - இப்படி யாராவது ஒருவர் பக்கபலமாக இருந்து தினம் கவனிக்கலாம். யார் அந்த ஆள் என்பதில் நோயாளியின் சம்மதமும் கேட்கப்படுகிறது.

இது சிறிய விஷயம் அல்ல. சுகாதாரப் பணியாளர் வீட்டு வாசலில் வந்து நின்றால், "அவருக்கு உங்க வீட்டில் என்ன வேலை?" என்று தெருவே கேட்கும். அந்தப் பேச்சுக்குப் பயந்து நோயை மறைத்தவர்கள் எத்தனையோ பேர்.

மலைக்கு மேலே போய்த் தங்கி வேலை செய்கிறவர்களுக்கும் வழி உண்டு. நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு இருக்கிறது. கம்பத்தில் பெயர் பதிந்தவர், இடுக்கிப் பக்கம் போனாலும் அங்கேயே மருந்து தொடரலாம். கிளம்புவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான்.

தனித் தட்டு வேண்டாம்!

நம் கதைப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சளியைச் சோதித்தார்கள். காசநோய் என்று தெரிந்தது. அன்று மாலை வீட்டில் நடந்தது என்ன?

மாமியார் ஒரு தட்டையும் ஒரு டம்ளரையும் எடுத்துத் தனியாக வைத்தாள். "பிள்ளைகளைத் தொடாதே" என்றாள். "கொஞ்ச நாள் ஆத்தா வீட்டில் இருந்துட்டு வா" என்றாள்.

மாமியார் கெட்டவள் அல்ல. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் சின்ன வயசில் இந்த நோய் வந்த வீட்டைக் கண்டவள்.

காசநோய் தட்டில் ஒட்டுவது இல்லை. டம்ளரில் ஒட்டுவது இல்லை. துணியில் ஒட்டுவது இல்லை. இருமும்போது காற்றில் பறக்கும் நுண்ணிய துளிகளால்தான் அது பரவுகிறது. வாயை மூடி இருமினால் போதும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் எல்லாவற்றுக்கும் மேல்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இந்த மாத்திரைகளில் ரிபாம்பிசின் என்று ஒன்று உண்டு. அதைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். விஷயம் தெரியாதவர்கள், "ஐயோ, ரத்தமாகப் போகிறதே!" என்று பயந்து மாத்திரையை எறிந்துவிடுகிறார்கள். பயம் வேண்டாம். அது மருந்தின் சாயம்.

இதை ஒரு புத்தகம் சொல்வதைவிட, அந்த மாத்திரையைத் தானே சாப்பிட்ட ஒருவர் சொன்னால் மனசில் பதியும். "எனக்கும் அப்படித்தான் போச்சு. ஒண்ணும் ஆகல. விடாமச் சாப்பிடு தாயி" என்ற ஒரு வார்த்தை போதும்.

பட்டவர்களே பக்கபலம்

இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் ஒரு புது ஏற்பாடு. காசநோயில் இருந்து மீண்டவர்களுக்கே பயிற்சி கொடுத்து, புது நோயாளிகளிடம் அனுப்புகிறார்கள். இவர்களுக்கு 'டி.பி. சாம்பியன்' என்று பெயர். சென்னையில் 1999-ம் ஆண்டில் தொடங்கிய 'ரீச்' என்ற தொண்டு நிறுவனம் இந்தப் பயிற்சியில் முன்னணியில் நிற்கிறது.

தேனி மாவட்டத்திலும் இத்தகைய தொண்டுக்குப் பழைய வேர் உண்டு. ஆண்டிபட்டியில் உள்ள 'ஆரோக்ய அகம்', தொழுநோய், காசநோய், எய்ட்ஸ் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பல்லாண்டு உழைத்த நிறுவனம். மூன்றும் ஊரார் விலக்கி வைத்த நோய்கள். மருந்தோடு மதிப்பும் கொடுத்தால்தான் இந்த நோயாளிகள் வாசல்படி ஏறுவார்கள்.

பட்டவர் வாய் திறந்தால் சட்டமும் அசையும் என்பதற்கு மும்பை நந்திதா வெங்கடேசன் சாட்சி.

பரதநாட்டியம் ஆடும் பெண் நந்திதா. 2007-ம் ஆண்டில், பதினேழு வயதில், குடலில் காசநோய் வந்தது. குணம் ஆனது. 2013-ம் ஆண்டில் மறுபடி வந்தது. உயிரைக் காப்பாற்ற ஊசி மருந்து போட்டார்கள். உயிர் தப்பியது. ஆனால் அந்த ஊசியின் பக்க விளைவால், காது கேட்கும் சக்தி போய்விட்டது!

நாட்டியக்காரிக்குத் தாளம் கேட்கவில்லை என்றால்? நந்திதா துவண்டு போகவில்லை. மறுபடி பயிற்சி எடுத்து மேடை ஏறினார்.

அதோடு விடவில்லை. காதைக் கெடுக்கும் ஊசிக்குப் பதிலாகப் பெடாகுயிலின் என்ற மாத்திரை வந்திருந்தது. அதன் விலை அதிகம். அதற்கான தனி உரிமையை நீட்டித் தரும்படி மருந்துக் கம்பெனி கேட்டது. கூடாது என்று நந்திதாவும், தென் ஆப்பிரிக்காவில் இதே போலக் காது கேளாமல் போன பூமேசா திசிலே என்ற பெண்ணும் 2019-ம் ஆண்டில் மனுக் கொடுத்தார்கள். 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் இந்தியக் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் கோரிக்கையைத் தள்ளிவிட்டது.

முரட்டுக் காசநோய்க்கும் ஊசி இல்லாமல், ஆறே மாத மாத்திரை வைத்தியம் வந்திருக்கிறது. 2024-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் அதற்கு அனுமதி கொடுத்தது.

சோறும் மருந்துதான்

"மாத்திரை சாப்பிட்டால் பசிக்குது. பசிச்சா என்ன சாப்பிட?" என்பது ஏழை நோயாளியின் பழைய கேள்வி.

இதற்கு ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சி விடை சொல்லியது. நோயாளிகளுக்கும், அவர்கள் வீட்டில் இருந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கும் இது சம்பந்தப்பட்டது. நோயாளிகள் எல்லோருக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொடுத்தார்கள். குடும்பத்தாரில் ஒரு பகுதியினருக்கும் உணவு கொடுத்தார்கள். மறு பகுதியினருக்குக் கொடுக்கவில்லை.

2023-ம் ஆண்டு ஆகஸ்டில் முடிவு வந்தது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 100-க்கு 39 பங்கு குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளுக்குச் சாவின் ஆபத்து மிகவும் குறைந்தது.

பருப்பும் பாலும் கூட மருந்துதான் என்று இதனால் தெரிகிறது அல்லவா?

நோயாளியின் சாப்பாட்டுக்காக மத்திய அரசாங்கம் 2018-ம் ஆண்டு ஏப்ரலில் மாதம் 500 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. 2024-ம் ஆண்டு நவம்பரில் இருந்து அது 1,000 ரூபாய் ஆயிற்று. பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது.

விவசாயக் கூலிகளுக்கும் சிறு விவசாயிகளுக்கும் இன்னொரு வழியும் உண்டு. தமிழ்நாடு அரசின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராக இருந்து காசநோயால் வேலை செய்ய முடியாமல் போனால், அதற்கும் உதவித் தொகை உண்டு. தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாரிடம் கேட்க வேண்டும்.

இந்தப் பணம் கூலிக்கு ஈடாகுமா? ஆகாது. ஆனால் முட்டைக்கும் பயறுக்கும் ஆகும்.

ஐந்து நிமிஷச் சோதனை, ஓர் உயிர்

காசநோயில் சாகிறவர்களில் பெரும்பாலோர் எப்போது சாகிறார்கள்? வைத்தியம் தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்! அதாவது, அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரும்போதே உடம்பு முற்றிலும் தளர்ந்து போயிருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் போதாது.

இதற்காகத் தமிழ்நாடு அரசாங்கம் 2022-ம் ஆண்டு ஏப்ரலில் ஒரு திட்டம் தொடங்கியது. 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்று அதற்குப் பெயர்.

நோய் என்று தெரிந்த உடனே ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா? காலில் வீக்கம் உண்டா? நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு? ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு? பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா?

ஒரு தராசு, விரலில் மாட்டும் ஒரு சிறு கருவி, ஒரு கடிகாரம். இவை போதும். எக்ஸ்ரே கூட வேண்டாம். இதில் தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பாமல், ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கவனிக்கிறார்கள்.

பெரும்பாலோருக்கு வீடே போதும். மிகவும் தளர்ந்தவருக்கு மட்டும் கட்டில் வேண்டும். யார் யார் என்று முதல் நாளே பிரித்துப் பார்ப்பதுதான் இந்தத் திட்டத்தின் சாமர்த்தியம்.

மாமியாருக்கும் மாத்திரை

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து இரண்டு, மூன்று மடங்கு அதிகம். ஆகவே காசநோய் வந்தவருக்குச் சர்க்கரையும் பார்க்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது.

இங்கேயும் வீடு தேடி வருகிற உதவி உண்டு. தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறார்கள். மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனிக்க நர்சும், உடற்பயிற்சி வைத்தியரும் வருகிறார்கள். 2024-ம் ஆண்டில் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் விருது கிடைத்தது.

மாமியாருக்குச் சர்க்கரை இருப்பது இப்படித்தான் தெரிய வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மருமகளுக்கும் மாத்திரை; மாமியாருக்கும் மாத்திரை. இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நீங்க போட்டீங்களா அத்தை?"

"நீ மொதல்ல போடு."

தனித் தட்டு எப்போது அலமாரிக்குள் போனது என்று யாருக்கும் நினைவு இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு, சளியில் ரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இது இலவசம்.

தேனி க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, பெரியகுளம் தலைமை ஆஸ்பத்திரி, கம்பம், போடி, உத்தமபாளையம், சின்னமனூர் அரசு ஆஸ்பத்திரிகள் என்று பள்ளத்தாக்கு முழுவதும் வழி இருக்கிறது. கிராமத்தில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். போனில் கேட்க 1800-11-6666 என்ற இலவச நம்பர் உண்டு.

நோய் உறுதியானால் வீட்டில் உள்ள எல்லோரும், முக்கியமாகக் குழந்தைகள், பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நோய் வராமல் தடுக்கும் மாத்திரையும் உண்டு. மாத்திரை குமட்டினாலும், கண் மங்கினாலும், காது இரைந்தாலும் தானாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்ல வேண்டும். குணம் ஆனது போலத் தோன்றினாலும் நிறுத்தக் கூடாது.

இது நோயாளிக்கு. மற்றவர்களுக்கு?

தோட்டத்து மேஸ்திரி, மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக விடுமுறை கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர், தெருவில் பேசாமல் வாசலில் வந்து கேட்கலாம். குணம் ஆனவர், தன் கதையை இன்னொருவருக்குச் சொல்லலாம். இதற்கெல்லாம் பணம் வேண்டாம், மனசு வேண்டும்.

ஆறாவது மாதம்

1895-ம் ஆண்டில் பெரியாற்று அணை வந்து, பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வந்தது. நெல்லும் வாழையும் திராட்சையும் விளைந்தன. அணையில் தண்ணீர் இருந்தால் மட்டும் வயல் நனையுமா? வாய்க்கால் வெட்டி, மடை திறந்து, வயல் வரைக்கும் கொண்டு வர ஆள் வேண்டும். ஆஸ்பத்திரியில் இருக்கிற மருந்தும் அப்படித்தான்.

அதோ, மறுபடி விடியற்காலை ஐந்து மணி. ஜீப் நிற்கிறது. ஆறு மாத வைத்தியம் முடிந்து, "இனி பயம் இல்லை" என்று டாக்டர் சொன்ன பெண் ஏறுகிறாள். ரவிக்கை இப்போது பிடிக்கிறது.

ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு பெண் இருமுகிறாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, யாரும் பார்த்துவிட்டார்களோ என்று பயந்து திரும்பிப் பார்க்கிறாள்.

"எத்தனை நாளா இருமுது?"

பதில் இல்லை.

"சும்மா சொல்லு தங்கச்சி. எனக்கும் இருந்துச்சு."

ஜீப் மலை ஏறத் தொடங்குகிறது. அந்தப் பெண் மெல்ல வாய் திறக்கிறாள்.